வெட்டி நீக்கப்பட்ட பத்தி: பியர் சூலேயின் கடிதங்களும் கியூபாக் கேள்வியும்

1855 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன் ஒரு கடிதக் கட்டு வைக்கப்பட்டது. மாட்ரிட்டில் தூதராக இருந்து பதவி விலகிய பியர் சூலேக்கும் வெளியுறவு அமைச்சர் வில்லியம் மார்சிக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நடந்த போக்குவரத்து அது. கியூபாவை ஸ்பெயின் விற்க மறுத்தால் பறித்துக்கொள்ள நேரலாம் என்று மூன்று அமெரிக்கத் தூதர்கள் எழுதிய அறிக்கையும் அதில் இருந்தது. 'ஆஸ்டெண்ட் அறிக்கை' என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான். படித்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: மேலிடம் சொன்னதைச் சூலே செய்தாரா, சொல்லாததைச் செய்தாரா?

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. வந்த விடைகள் பெரும்பாலும் எந்தக் கடிதங்கள் அப்போது கைக்கு எட்டின என்பதைப் பொறுத்தே அமைந்தன. சபையின் முன் வந்த கட்டில் ஒரு கடிதம் முழுதாக இல்லை. அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பத்திதான் இந்த விவாதத்தின் அச்சாணி.

கடிதம் எழுதியவர்

சூலே 1801-இல் பிரெஞ்சுப் பிரனீஸ் மலைப்பகுதியில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்கான படிப்பைக் கைவிட்டு, பூர்போன் முடியாட்சிக்கு எதிரான அரசியலில் இறங்கினார். பத்திரிகைக் கட்டுரை ஒன்றுக்காகத் தண்டனை பெற்று, இங்கிலாந்து, ஹைட்டி வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூ ஆர்லியன்ஸில் வழக்கறிஞராகக் கொடிகட்டிப் பறந்து, லூசியானாவின் செனட்டர் ஆனார். அரசர்கள்மேல் வெறுப்பு, நாவன்மை, எளிதில் புண்படும் மானம் ஆகிய மூன்றும் கடைசிவரை அவரை விடவில்லை.

1853-இல் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் பியர்ஸ், நாட்டின் எல்லை விரிவதைக் கண்டு தம் அரசு அஞ்சாது என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். கியூபாவைப் பற்றிச் செனட்டில் முழங்கிய சூலேயை மாட்ரிட்டுக்கே தூதராக அனுப்பினார். கியூபாவைப் பிடிக்கப் படை திரட்டிச் சென்று 1851-இல் ஹவானாவில் கொல்லப்பட்ட நார்சிஸோ லோப்பஸின் ஆதரவாளர் சூலே என்பது ஸ்பெயினுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, கப்பல் ஏறுமுன் நியூயார்க்கில் திரண்ட கியூப நாடுகடந்தவர்கள் முன்னிலையிலும் பேசிவிட்டுத்தான் புறப்பட்டார். மாட்ரிட் அரசவை அவரை ஏற்றுக்கொண்டதே ஆச்சரியம்.

போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே வம்பு வந்தது. நவம்பரில் பிரெஞ்சுத் தூதரக விருந்தில் சூலேயின் மனைவி அணிந்திருந்த உடையைப் பற்றி ஆல்பா கோமகன் ஏதோ கேலியாகச் சொன்னார். மகன் நெல்வில் கோமகனைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தான். தந்தை ஒருபடி மேலே போய், விருந்தளித்த பிரெஞ்சுத் தூதர் துர்கோவையே அழைத்தார். சூலேயின் குண்டு துர்கோவின் காலில் பாய்ந்தது. பிற்கால வரலாற்று நூல்களில் சூலேயின் கடிதங்களுக்கு முன்னுரைபோல இந்தத் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடிதங்களை நிதானமாகப் படிக்க அது பலருக்குத் தடையாகவும் இருந்திருக்கலாம்.

பழைய தீர்ப்பு: துடுக்கான தூதர்

முதலில் வேரூன்றிய விடை, சூலே வரம்பு மீறினார் என்பது. இதன் ஊற்றுக்கண் மார்சியேதான். அறிக்கை வெளியாகிக் கண்டனம் கிளம்பியதும், கொள்ளைக்காரக் கோட்பாட்டைத் தாம் வெறுப்பதாக நண்பர் ஒருவருக்கு அந்தரங்கமாக எழுதினார். சூலேயின் தூதரகச் செயலாளர் ஹொரேஷியோ பெரியும் இந்தச் சித்திரத்துக்கு வண்ணம் சேர்த்தார். ஸ்பானியக் கவிஞர் கரோலினா கொரொனாதோவின் கணவரான அவர், தம் மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தேசிய வரலாற்றாசிரியர்கள் பலரும் நிதானமான அமைச்சர், அவருக்கு அடங்காத தூதர் என்ற இருமுனைச் சித்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டனர்.

இந்தத் தீர்ப்புக்கு வலுவான ஆதாரமும் உண்டு. 1854 பிப்ரவரி 28-இல் அமெரிக்க நீராவிக் கப்பலான 'பிளாக் வாரியர்' ஹவானாவில் பிடிக்கப்பட்டது. கப்பலில் இருந்த பருத்தியைச் சரக்குப் பட்டியலில் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. அதே கப்பல் அதற்கு முன் பலமுறை அதே விதமாக வந்து போயிருந்தது. அப்போதெல்லாம் யாரும் கேட்டதில்லை. மார்ச் 17 தேதியிட்ட கடிதத்தில் மார்சி 3,00,000 டாலர் இழப்பீடு கேட்கச் சொன்னார்; விரைவில் பதில் எதிர்பார்ப்பதாகவும் எழுதினார். சூலே ஏப்ரல் 8-இல் அந்தக் கோரிக்கையை அளித்தார். மூன்று நாளில் பதில் வராததால் 11-ஆம் தேதி இன்னொரு கடிதம் போனது: 48 மணி நேரத்துக்குள் இழப்பீடு தர வேண்டும், சம்பந்தப்பட்ட அதிகாரிகளையும் நீக்க வேண்டும்.

அந்த வாரம் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். மாட்ரிட்டில் அரசு அலுவல் நகராத நாட்கள். ஸ்பானிய வெளியுறவு அமைச்சர் கல்தெரோன் தெ லா பார்க்காவோ வாஷிங்டனில் நெடுங்காலம் தூதராக இருந்தவர். அமெரிக்க அரசு எப்படிப் பேசும் என்று அறிந்தவர். 48 மணி நேரக் கெடு சூலேயின் சொந்தச் சரக்கு என்பதை அவர் உடனே ஊகித்துவிட்டதாகவே தோன்றுகிறது. பதில் வழவழவென்று வந்தது. இதற்கிடையே கப்பல் கம்பெனியே ஹவானா அதிகாரிகளிடம் பேசிக் கப்பலை மீட்டுக்கொண்டது. சூலேயின் காலடியில் இருந்த தரை நழுவியது. இந்த அத்தியாயத்தில் அவர் அறிவுறுத்தலைத் தாண்டினார் என்பதை இன்று மறுப்பவர் அரிது.

பழைய தீர்ப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வசந்தகாலத்துக்குப் பொருந்தும் விடையை அது அக்டோபர் அறிக்கை பிறந்த இலையுதிர்காலத்துக்கும் நீட்டிவிட்டது.

'பிரித்தல்' என்ற வினைச்சொல்

1853 ஜூலை 23-இல் சூலேக்குத் தரப்பட்ட முதல் அறிவுறுத்தல், கியூபாவை விலைக்குக் கேட்க இது தருணமல்ல என்றது. 1854 ஏப்ரல் 3-இல் மார்சி எழுதிய கடிதம் தலைகீழ். இப்போது விலை பேசலாம்; 13 கோடி டாலர்வரை போகலாம். முன்பு 1848-இல் குடியரசுத் தலைவர் போல்க்கின் அரசு பேசத் தயாராக இருந்தது 10 கோடி. ஸ்பெயின் விற்க மறுத்தால்? அடுத்தபடியாக விரும்பத்தக்க குறிக்கோளில் தூதர் முயற்சியைத் திருப்ப வேண்டும்: அந்தத் தீவை ஸ்பானிய ஆளுகையிலிருந்தும், எந்த ஐரோப்பிய வல்லரசையும் சார்ந்திருப்பதிலிருந்தும் பிரித்துவிடுவது.

சபைக்குப் போன கட்டில் விடுபட்டது இந்தப் பகுதிதான். அச்சில் வந்ததை மட்டும் படித்தவருக்கு, வாங்கிவரச் சொன்னால் பறித்துவரக் கிளம்பினார் சூலே என்றுதான் தோன்றும். வெட்டியவர் யார், யார் சொல்லி வெட்டினார் என்பதைவிட, வெட்டு யாருக்குப் பயன்பட்டது என்பது தெளிவு. மார்சி சபையின் முன் நிதானஸ்தராக நின்றார்.

1932-இல் சூலேயின் ஸ்பானியத் தூதுப்பணியைப் பற்றி ஏமஸ் எட்டிங்கர் எழுதிய விரிவான நூலும், 1939-இல் வில்லியம் மேனிங் தொகுத்த தூதரகக் கடிதத் தொகுதியில் ஸ்பெயினுக்குரிய பாகமும் வந்தபின் நிலைமை மாறியது. முழுக் கடிதங்களை ஒருசேரப் படிக்க முடிந்தது. டேவிட் பாட்டர் போன்ற பிற்கால வரலாற்றாசிரியர்கள் பியர்ஸ் அரசின் இரட்டை நாக்கை முன்னிறுத்தினர். இந்த நோக்கில் சூலே மேலிடத்தின் விருப்பத்தை உரக்கச் சொன்னவர். மேலிடம் பிறகு கையைக் கழுவிக்கொண்டது.

இந்தத் திருத்தமும் சற்று அதிகமாகவே போயிருக்கக்கூடும். 'பிரித்தல்' என்றால் என்ன? மார்சியின் கடிதத்தில் அதைத் தொடர்ந்து வரும் வாசகம், அட்லாண்டிக் கடந்த பிணைப்பிலிருந்து விடுபட்டு, தன் நலனுக்கேற்பத் தன்னைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் கியூபாவைப் பற்றிப் பேசுகிறது. அதன்படி பார்த்தால் பொருள் விடுதலை பெற்ற கியூபா. ஸ்பெயினின் சம்மதத்தோடு நடக்கும் விடுதலையா, உள்ளூர்க் கிளர்ச்சியைத் தூண்டிவிட்டு வருவதா, லோப்பஸ் வழியில் இன்னொரு படையெடுப்பா என்று கடிதம் சொல்லவில்லை. அந்த மாதங்களில் மிசிசிப்பியின் ஜான் குவிட்மன் கியூபாவுக்குப் படை திரட்டிக்கொண்டிருந்தார். மே 31-இல் பியர்ஸ் அத்தகைய முயற்சிகளைக் கண்டித்துப் பிரகடனம் வெளியிட்டார். ஒரு கை தடுத்ததை இன்னொரு கை 'பிரி' என்று எழுதியிருந்தது. தெளிவில்லாத சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது வெளியுறவு அலுவலகங்களில் புதிதல்ல. மார்சியின் அந்தச் சொல்லும் அந்த இனம் என்று கொள்வதே பொருத்தம்.

அறிக்கையை எழுதிய கை

ஆகஸ்ட் 16-இல் மார்சி இன்னொரு யோசனை தெரிவித்தார். லண்டன் தூதர் ஜேம்ஸ் பியூகானன், பாரிஸ் தூதர் ஜான் மேசன், சூலே ஆகிய மூவரும் கூடிக் கருத்துப் பரிமாறி, முடிவை இரகசியமாகத் தெரிவிக்க வேண்டும். பியூகானனுக்கு இதில் நாட்டமில்லை. கூடுவதால் என்ன நன்மை விளையும் என்று தமக்குத் தெரியவில்லை என்று செப்டம்பரிலேயே பியர்ஸுக்கு எழுதினார். ஆனாலும் அக்டோபர் 9 முதல் 11 வரை பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டிலும், பிறகு எய்க்ஸ்-லா-ஷப்பேலிலும் மூவரும் கூடினர். 18-ஆம் தேதியிட்டுக் கையெழுத்தானது அறிக்கை. உண்மையில் அது அறிக்கையே அல்ல, அமைச்சருக்கு எழுதிய இரகசியக் கடிதம். ஆனால் இரகசியம் முதலிலேயே போய்விட்டது. கூட்டம் நடக்கும் செய்தியை ஐரோப்பியப் பத்திரிகைகள் மோப்பம் பிடித்துவிட்டன. திரும்பும் வழியில் சூலே கலே துறைமுகத்தில் பிரெஞ்சு போலீசாரால் நிறுத்தப்பட்டது தனிச் செய்தியாகி, கூட்டத்தின்மேல் இன்னும் வெளிச்சம் போட்டது.

வாசகம் யாருடையது? சூலேயின் குறிப்புகளை அடிப்படையாக வைத்துப் பியூகானன் இறுதி வடிவம் தந்தார் என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. கடிதத்தின் நடையே இதற்குச் சான்று சொல்கிறது என்பர். 12 கோடி டாலருக்கு மேற்படாமல் கியூபாவை வாங்க வேண்டும் என்ற முற்பகுதி, ஸ்பெயினின் கடன்பத்திரம் வைத்திருப்போர், ரயில்பாதை, வாணிகம் என்று கணக்குப்பிள்ளை நடையில் போகிறது. ஸ்பெயினின் கடன்காரர்கள் வழியாக நெருக்குவது பியூகானனின் பழைய யோசனை. 1852 டிசம்பரிலேயே பியர்ஸுக்கு அதை எழுதியிருந்தார்.

பிற்பகுதியில் குரல் மாறுகிறது. ஸ்பெயின் விற்க மறுத்துவிட்டது. கியூபா அதன் கையில் இருப்பது நம் உள்நாட்டு அமைதிக்கும் ஒன்றியத்தின் நிலைப்புக்கும் ஆபத்தா என்று கேட்போம். ஆபத்து என்று முடிவானால், மனித நீதியும் தெய்வ நீதியும் பறித்துக்கொள்ள இடம் தரும். பக்கத்து வீட்டில் தீப்பிடித்து, தம் வீட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லாதபோது அந்த வீட்டை இடிப்பவனோடு இதை ஒப்பிடுகிறது கடிதம். ஆனால் இந்த உவமையின் சூடு தணியுமுன் ஒரு வரி குறுக்கிடுகிறது: தீவின் இன்றைய நிலை அத்தகைய நடவடிக்கையை நியாயப்படுத்துமா என்ற கேள்விக்குள் நாங்கள் போகவில்லை. பறிப்பதற்கான வாதம் முழுதும் நிபந்தனை வாக்கியத்தில் தொங்குகிறது. பியூகானனை நல்லெண்ணத்தோடு பார்ப்பவர்கள், சூலேயின் குதிரைக்கு அவர் போட்ட கடிவாளம் இது என்பர். மாற்றுக் கருத்தும் உண்டு. 1856-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குக் கண் வைத்திருந்தவர், தெற்கத்தியரைக் கவர வாளைக் காட்டி, வடக்கத்தியருக்காக உறையையும் காட்டினார். நடையை வைத்து எழுத்தாளரைக் கண்டுபிடிப்பது எப்போதும் வழுக்கும் தரை. மூன்று பேர் கையெழுத்திட்ட ஒரு தாளில் ஒவ்வொரு வரிக்கும் தனி உரிமையாளர் தேடுவதில் ஓரளவுக்கு மேல் பொருளில்லை.

கூட்டறிக்கையோடு சூலே அக்டோபர் 20 தேதியிட்டுத் தனியாக எழுதிய கடிதத்தில் அவர் மனம் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. இங்கிலாந்தும் பிரான்ஸும் கிரிமியப் போரில் மாட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது என்பது அதன் சாரம். கூட்டறிக்கையைவிட வரம்பு மீறல் வழக்குக்கு உதவும் கடிதம் இது. ஆனால் பொது விவாதத்தில் இதற்குக் கிடைத்த கவனம் குறைவு.

அடிமை முறையா, குடியரசு ஆவேசமா?

சூலேயை உந்தியது எது என்பதில் இரு முகாம்கள். 1854 மே 30-இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் நிறைவேறியபின் வடக்கில் எழுந்த சினத்தின் ஊடே அறிக்கையைப் படித்தவர்கள், அதை அடிமை உடைமையாளர் சதி என்றனர். நியூயார்க் 'ட்ரிப்யூன்' அதைக் கொள்ளைக்காரர்களின் அறிக்கை என்று தாக்கியது. குடியரசுக் கட்சியின் 1856 தேர்தல் அறிக்கை, வழிப்பறிக்காரனின் வாதம் என்று பழித்தது. இந்த வாசிப்புக்குக் கடிதமே இடம் தருகிறது. கியூபா 'ஆப்பிரிக்கமாகி' இரண்டாம் சான் தொமிங்கோ ஆவதை அனுமதிக்க முடியாது என்ற வரி, ஹைட்டியின் அடிமைப் புரட்சியைக் கனவிலும் கண்டு நடுங்கிய தோட்ட முதலாளிகளின் குரல். கியூபாவின் புதிய ஆளுநர் பெசுவேலா கள்ளத்தனமான அடிமை வணிகத்தின்மேல் நடவடிக்கை எடுத்ததுதான் அந்த நடுக்கத்துக்கு உடனடிக் காரணம். ராபர்ட் மே 1973-இல் எழுதிய நூல், இதைக் கரீபியன் முழுதும் அடிமைப் பேரரசு விரிக்கும் தெற்கத்தியக் கனவின் பகுதியாக வைத்துப் பார்க்கிறது.

மற்ற முகாம் சூலேயின் பிரெஞ்சு இளமையை நினைவுபடுத்துகிறது. மாட்ஸினி, கோஷுத் போன்ற ஐரோப்பியப் புரட்சியாளர்களோடு உறவாடிய 'இளம் அமெரிக்கா' வட்டத்தில் அவரும் ஒருவர். 1854 கோடையில் மாட்ரிட்டில் நடந்த புரட்சியை அவர் வரவேற்றார். அரசு எதிர்ப்பாளர்களுக்கு மறைமுகமாக உதவியதாகவும் பேச்சு அடிபட்டது. இவர்கள் பார்வையில் கியூபா ஒரு முடியரசின் பிடியிலிருந்து விடுபட வேண்டிய நிலம்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது செயற்கையானது என்றே படுகிறது. முடியரசை எதிர்த்துத் தண்டனை பெற்ற மனிதர் அடிமைச் சொத்துக்கு வாதாடியதில் அவருக்கே முரண் தெரியவில்லை. அந்தக் காலத் தெற்கத்தியக் குடியரசுவாதிகள் பலருக்கும் தெரியவில்லை. லூசியானாவின் நலன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. கியூபாச் சர்க்கரை சுங்கவரி இன்றி உள்ளே வந்தால் தங்கள் கரும்புத் தோட்டம் என்னாகும் என்ற கவலை அந்த மாநிலத் தோட்டக்காரர் சிலருக்கே இருந்தது.

கடிதங்களுக்கு வெளியே நின்றவர்கள்

இத்தனை தாள்களிலும் கியூபர்களின் குரல் ஏறத்தாழ இல்லை. விற்பவர் ஸ்பெயின், வாங்குபவர் அமெரிக்கா, தடுப்பவர்கள் லண்டனும் பாரிஸும். எர்மினியோ போர்த்தெல் விலா முதலிய கியூப வரலாற்றாசிரியர்கள் இந்தக் குறையைச் சுட்டி, சூலே மீறினாரா மார்சி மழுப்பினாரா என்ற சர்ச்சையையே இரண்டாம்பட்சமாக்கினர். இருவருக்கும் கியூபா ஒரு சரக்கு. கியூபாவிலேயே அமெரிக்க இணைப்பை விரும்பிய தோட்ட முதலாளிகள் இருந்தனர் என்பது இந்த வாதத்துக்குச் சங்கடமான உண்மை. அதே சமயம் ஹொசே அந்தோனியோ சாக்கோ 1848-இலேயே இணைப்பை எதிர்த்து எழுதினார். இணைந்தால் கியூப இனமே கரைந்துபோகும் என்று அஞ்சினார். அடிமைகளாக இருந்த லட்சக்கணக்கானோர் தூதர்களின் கடிதங்களில் வருவது அச்சுறுத்தலாக மட்டுமே.

இன்று நிற்கும் இடம்

அறிக்கை நவம்பர் 4-இல் வாஷிங்டன் சேர்ந்தது. அந்த ஆண்டின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் பியர்ஸின் கட்சி வடமாநிலங்களில் 91 இடங்களிலிருந்து 25-க்குச் சரிந்தது. 13-ஆம் தேதி மார்சி எழுதிய பதில், விற்காவிட்டால் பறிப்போம் என்று தூதர்கள் பரிந்துரைத்ததாகத் தாம் கருதவில்லை என்று நாசூக்காகப் பொருள்கொண்டது. சூலேக்குப் புரிந்துவிட்டது, டிசம்பர் 17-இல் பதவி விலகினார். தேர்தல் தோல்வி இல்லாதிருந்தால் மார்சியின் பதில் வேறு மாதிரி இருந்திருக்குமா என்பது கடிதங்களைக் கொண்டு தீர்க்க முடியாத கேள்வி. தேதிகளின் நெருக்கம் ஐயத்தைக் கிளப்புகிறது, அவ்வளவே.

பிளாக் வாரியர் விவகாரத்தில் சூலே மீறினார் என்பதும், அக்டோபர் கூட்டத்தில் ஏவியதைத்தான் செய்தார், செய்த விதம்தான் மிகை என்பதும் இப்போதைக்கு ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை. இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பில் கட்டிய பழைய வரலாறும், இரண்டுக்கும் சேர்த்து மேலிடத்தைப் பழித்த பிந்தைய திருத்தமும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

திறந்தே இருப்பவையும் உண்டு. 'பிரித்தல்' என்று எழுதியபோது மார்சியின் மனத்தில் இருந்தது எது? மந்திரிசபையில் போர் அமைச்சராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் போன்றோரின் அழுத்தம் எந்த அளவுக்கு அந்தச் சொல்லில் ஏறியது? பியர்ஸ் நேரில் பேசி அனுப்பியபோது சூலேயின் காதில் சொன்னது என்ன? கடைசிக் கேள்விக்குக் கடிதங்கள் உதவா. நேரில் சொன்னதற்குத் தாள் இல்லை. முதல் இரண்டுக்கும் விடை தேடுவோர், சூலேயின் கடிதங்களிலிருந்து கண்ணை எடுத்து, அவருக்கு எழுதியவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவற்றின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.